வாய்க்கால் பக்கமும் வளர்மதியும்

எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் முறை என்று திருக்காட்டுப்பள்ளி விவசாயிகளுக்குக் காட்டும் இணையப் பக்கம் என் பொறுப்பு. முறை மாறும்போதெல்லாம் ஒவ்வொரு வாய்க்காலாகக் கையால் திருத்துவேன். புதிதாகச் சேர்ந்த வளர்மதி ஜாவாஸ்கிரிப்ட் டெம்ப்ளேட் ஒன்று எழுதினாள். தகவலைக் கொடுத்ததும் பக்கம் தானாக நிரம்பியது.

ஒரு விவசாயி போன் செய்து, "இப்பதான் தம்பி, தண்ணிக்கு முன்னாடி தகவல் வருது" என்று என்னிடமே பாராட்டினார். வயிறு எரிந்தது. தப்பு கண்டுபிடிக்க அவள் டெம்ப்ளேட்டைத் திறந்தேன். உள்ளே நான் எழுதிய அதே வரிகள். வாய்க்கால் பெயரும் நேரமும் இருந்த இடங்களை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

"உங்க பக்கத்தைத்தாண்ணா அப்படியே வச்சுக்கிட்டேன். ரொம்ப தேங்க்ஸ்" என்றாள், நான் பார்ப்பதைக் கவனித்த வளர்மதி.

திருடினாள் என்று திட்டக்கூட வழியில்லை. வாய்க்கால் பெயரை எடுத்துவிட்டு இடத்தை மட்டும் விட்டுவைக்க எனக்கு ஏன் தோன்றவில்லை? இன்றும் அதுதான் எரிகிறது.