ஃபிளோராவுக்கு மீட்டிங்

ஃபிளோராவுக்கு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது கீழ்வேளூரில் அந்தத் தெருவே வாயைப் பிளந்தது. சென்னைக் கம்பெனி. மேலே நல்ல சட்டை, கேமராவில் தெரியாத இடத்தில் நைட்டி, மாதம் பிறந்தால் சம்பளம். கணவன் கிளமென்ட் காலையில் திருவாரூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். இவள் காபியும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பாள். கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

தொல்லை சுவரில் இருந்தது. இவள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் காயாரோகணம் மாமா. வயலுக்கு மருந்தடிக்கும் மிஷின், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் வாசலில் பிரித்துப் போட்டுத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து கொடுப்பவர். ஃபிளோரா வாயைத் திறக்கும்போதுதான் அவர் சுத்தியலுக்கும் வேகம் வரும். ஒரு நாள் மீட்டிங்கில் மேலாளர், "என்ன ஃபிளோரா, வீடு கட்டுறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நடந்தது அவ்வளவுதான். ஃபிளோராவுக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், "மாமா, இப்படியே சத்தம் கேட்டுச்சுன்னா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க" என்று ஒரு பொய்யைச் சொன்னாள்.

"அய்யய்யோ ஆயி, இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று பதறிப்போனார் அவர்.

அன்றிலிருந்து அவர் சுத்தியலை எடுப்பது அவளுக்கு வேலை முடிந்த பிறகுதான். அவசரமென்று வந்த ஆட்களை வாயில் விரலை வைத்து அடக்கினார். அவர் மனைவி அம்சவல்லி, மிக்ஸி போடுமுன் சுவரோரம் காதைக் கொடுத்துப் பார்ப்பாள். மீன்காரிகூட ஃபிளோரா வீட்டைத் தாண்டித்தான் குரலை எடுப்பாள். இதில் ஃபிளோராவுக்குக் கொஞ்சம் பெருமைதான். காலிங் பெல்லை அணைத்து வைத்தாள். பகலில் யாரும் கதவைத் தட்டக் கூடாது என்று சொல்லிவைத்தாள். தான் சொன்னது பொய் என்பதே நாளடைவில் அவளுக்கு மறந்துபோயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனி மீட்டிங்கில் விளையாட்டு. ஒருவர் நடித்துக் காட்ட, மற்றவர்கள் படத்தின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜன்னல் மூடியிருந்தது, ஏசி ஓடியது, காதில் ஹெட்போன். அதை மாட்டிக்கொண்டவர்களுக்குத் தங்கள் தொண்டை எவ்வளவு பெரிது என்று தெரியாது. ஃபிளோரா கத்தினாள், கைதட்டினாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஜெயித்ததற்கு ஒரு பாட்டும் பாடினாள். செல்போன் சத்தமில்லாமல் பையில் கிடந்தது. சாப்பாடும் மேசையிலேயே முடிந்தது.

சாயங்காலம் கதவைத் திறந்தால், தெரு முழுக்கப் பூ. செவந்தியும் ரோஜாவும் மிதிபட்டுக் கிடந்தன. பக்கத்து வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கழுவிவிட்ட தண்ணீர் அவள் கேட் வரைக்கும் ஓடிவந்திருந்தது.

"என்னாச்சுங்க?" என்று பந்தல்காரரைக் கேட்டாள்.

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "காயாரோகணம் அண்ணன்மா. காலையில நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. இப்பதான் தூக்கிட்டுப் போனாங்க."

ஃபிளோராவுக்கு உடம்பே கூசியது. அவள் பாடிய பாட்டு ஞாபகம் வந்தது. அவரைக் கிடத்தியிருந்த கூடம் சுவருக்கு அந்தப் பக்கம்தான். உள்ளே ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டாள். கடைசியாக ஒரு தடவை அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்சவல்லி அத்தையை இன்றைக்குப் பார்க்காவிட்டால் இனி என்றைக்கும் அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று தோன்றியது. போனாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வேதாரண்யத்திலிருந்து வந்திருந்த அம்சவல்லியின் தங்கை நாகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான் அந்த மீட்டிங் பொண்ணா? நான் பஸ்ஸ விட்டு எறங்கி மாருல அடிச்சுக்கிட்டு ஓடியாறேன், எங்கக்கா என் வாயப் பொத்துறா. 'சத்தம் போடாதடி, பக்கத்துல பொண்ணுக்கு வேலை போயிரும்'ங்கறா. கொட்டுக்காரங்களக்கூட தெருமுனையோட நிப்பாட்டிட்டா. நீ என்னடான்னா உள்ள உக்காந்து கெக்கெக்கேன்னு சிரிக்கிற."

யாரும் நாகம்மாளைத் தடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாது அத்தை, சத்தியமா தெரியாது" என்றாள் ஃபிளோரா. அது எவ்வளவு கேவலமான சமாதானம் என்று சொல்லும்போதே தெரிந்தது. எதுவும் தன் காதுக்கு வரக் கூடாது என்றுதானே இத்தனை ஏற்பாடும் செய்தாள்? அம்சவல்லியின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வேலையெல்லாம் போகாது அத்தை. அன்னைக்கு நான் சும்மா சொன்னேன். மாமாகிட்ட பொய் சொல்லிட்டேன். நீங்க வாய்விட்டு அழுங்க. எவ்வளவு சத்தமா வேணும்னாலும் அழுங்க அத்தை."

அம்சவல்லி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஃபிளோரா தாங்கியிருப்பாள். புருஷனைப் பறிகொடுத்த எந்தப் பெண்ணுக்கும் இந்நேரம் தொண்டை கட்டிப்போயிருக்கும். அத்தையின் குரல் தெளிவாக இருந்தது.

"தூக்கிட்டுப் போயிட்டாங்களேம்மா" என்றாள். "இனிமே அழுது யாருக்குக் கேக்கப்போவுது?"