ஆளுக்குப் பாதிக் கோபுரம்

1965. குற்றாலம் போகும் பஸ் தென்காசிக் கோயில் முன்னே நிற்கிறது. எத்தனையோ தலைமுறைக்கு முன் பிளந்த ராஜகோபுரம் இன்னும் இரண்டு துண்டாகவே நிற்கிறது. செங்கல் இடுக்கெல்லாம் செடி. கிளிகள் போய் வருகின்றன.

சின்ன வயதில், யுத்த காலத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் சாரலுக்கு வரும்போது தங்கையும் நானும் இதை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். இடது பாதி எனக்கு. யாருடைய பாதி உயரம் என்ற சண்டை அருவிச் சத்தம் கேட்கும்வரை ஓயாது.

பக்கத்து சீட்டில் இருக்கும் ஆலங்குளத்துக் காய்கறி வியாபாரி, மடியில் வைத்திருந்த காலிச் சாக்குகளை இறக்கிவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுகிறார். அவர் பார்ப்பது இரண்டு பாதியையும் அல்ல. நடுவே தெரியும் வெறும் வானத்தை.

“அங்க ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?”

“உச்சி அங்கனதான இருந்துச்சு? எங்க வீட்டுல எல்லாரும் அங்கன பாத்துத்தான் கும்பிடுதோம். இடிஞ்சு போச்சுன்னா இல்லன்னு ஆயிருமா தம்பி?”

பஸ் கிளம்புகிறது. முதல்முறையாக நானும் நடுவில் பார்க்கிறேன். மலைப்பக்கத்து மேகம் அந்த இடைவெளியை மெல்ல அடைக்கிறது.

தங்கை உயிரோடு இருந்தால் இந்நேரம், “நடுவுல இருக்கது எனக்கு” என்று முந்தியிருப்பாள்.