சாமிகளைத் திருப்பி வைத்து எழுதிய பரீட்சை

கொம்பியூட்டர் தொழிலில் வேலை தெரிந்திருப்பது ஒன்று, வேலை தெரியும் என்று சொல்லும் கடதாசி வைத்திருப்பது இன்னொன்று. நல்ல கதிரைகள் எல்லாம் கடதாசிக்காரருக்குத்தான்.

கொட்டாஞ்சேனையில், கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் ஆறு வருடமாக ஹெல்ப்டெஸ்க். ஹெல்ப்டெஸ்க் என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்குச் சொல்கிறேன்: பிரிண்டரில் கடதாசி சிக்கினால், பாஸ்வேர்ட் மறந்தால், மவுஸ் அசையாவிட்டால், சில நாட்களில் ஏ.சி. குளிரவில்லை என்றாலும்கூடக் கூப்பிடுகிற ஆள். மேல் மாடியில் நெட்வொர்க் பிரிவு இருக்கிறது. கண்ணாடிக் கதவு, தனி மேசை, பிரிண்டர் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். அங்கிருந்த ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குப் போனதில் ஒரு கதிரை காலியானது. அதன் மேல் எனக்கு ஒரு கண்.

வேலைக்கும் போய்க்கொண்டு பரீட்சைக்கும் படிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் மேலே வாசியுங்கள். ஆறுதல் கிடைக்காது, கூட்டாளி கிடைப்பாள்.

அழகாகச் செருகிய வயர்

ஒருநாள் டைரக்டர் வருகிறார் என்று ஒஃபிஸ் முழுக்கத் துடைத்துத் துப்புரவாக்கினார்கள். கணக்குப் பிரிவில் மேசைக்கடியில் ஒரு நெட்வொர்க் வயர் ஒரு முனை சுவிட்ச் பெட்டியில் செருகியபடியும் மறுமுனை தொங்கியபடியும் கிடந்திருக்கிறது. தொங்கினால் வடிவில்லை என்று யாரோ அந்த மறுமுனையையும் அதே பெட்டியிலிருந்த வெறும் ஓட்டையில் செருகிவிட்டார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஒரு வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டிக்குள் போனால், போன செய்தி திரும்பி வந்து, வந்தது திரும்பிப் போய், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கொழும்புக் காலி வீதி டிராஃபிக் மாதிரி எல்லாம் அடைத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் ஒஃபிஸில் ஒரு கொம்பியூட்டரும் வேலை செய்யவில்லை.

வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கூப்பிட்டார்கள். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயரைவிடச் சேர்ட்டிபிகேட்டுகள் நீளம். ஒரு மணித்தியாலம் லாப்டொப்பைப் பார்த்து முகம் சுளித்தார், ஒரு கோப்பி குடித்தார், புதுப் பெட்டி ஓர்டர் பண்ணவேண்டும் என்றார். நான் மேசைக்கடியில் தவழ்ந்து போய் வயரின் ஒரு முனையைப் பிடுங்கினேன். எல்லாம் வேலை செய்தது. அன்று பின்னேரம் வந்த ரிப்போர்ட்டில் அதைத் திருத்தியவர் அந்த நிபுணர் என்று இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் நேரே எங்கள் மனேஜர் குகன் சேரின் அறைக்குப் போய்விட்டேன். அவர் நல்ல மனிதர், ஆனால் கடதாசிக்கு முன்னால் மட்டும் கைகட்டி நிற்பவர்.

"தர்சினி, வயரைப் பிடுங்கினது நீங்கதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ரிப்போர்ட்டுக்குக் கீழ கையெழுத்து வைக்க உங்களிட்ட என்ன சேர்ட்டிபிகேட் இருக்கு? மேல இருக்கிற கதிரையை மூண்டு மாசம் ஒருத்தருக்கும் குடுக்காமல் வைக்கிறன். அந்த நெட்வொர்க் சோதினையைப் பாஸ் பண்ணிப்போட்டு வாங்கோ."

ரிஸ்வானின் மனப்பாடம்

எனக்குப் பக்கத்து மேசை ரிஸ்வான். மருதானைப் பையன், மூளை மின்னல், பொறுமை மட்டும் கிடையாது. அவனும் அதே பரீட்சைக்குப் பெயர் கொடுத்தான். இந்தத் தொழிலில் 'டம்ப்ஸ்' என்று ஒன்று உண்டு; முன்பு எழுதியவர்கள் ஞாபகத்திலிருந்து கொட்டிவைத்த கேள்வி பதில். அதைத் தொடுவது குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாருடைய போனிலும் அது இருக்கும். ரிஸ்வான் அதில் கேள்வியையும் படிக்கவில்லை, பதிலையும் படிக்கவில்லை. முதல் நாலு சொல்லைப் பார்த்தால் ஏயா பீயா சீயா என்று எழுத்தைச் சொல்லும் அளவுக்குப் பாடமாக்கினான். லிஃப்டில் முணுமுணுப்பான், சோறு சாப்பிடும்போது முணுமுணுப்பான். என் குறிப்புக் கொப்பியைப் பார்த்து எனக்காகப் பரிதாபப்படுவான்.

இரண்டு பேரும் ஒரே நாளில் பரீட்சை நிலையத்துக்குப் போனோம். அவன் இருபது நிமிடத்தில் வெளியே வந்தான், நான் கடைசி நிமிடத்தில் வந்தேன். அவன் குறுக்கு வழியில் போய் ஃபெயில், நான் நேர் வழியில் போய் ஃபெயில். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். பொரளை தாண்டும்வரை அவன் போனில் அந்த டம்ப்ஸையே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"கேள்வி ஒண்டும் மாறல்ல அக்கா. விடையத்தான் யாரோ இடம் மாத்தி வெச்சீக்காங்க."

நேசம் அன்ரியின் போன்

வெள்ளவத்தையில் எங்கள் பிளட் வீடு மூன்றாம் மாடி. நானும் அம்மாவும். படிக்க எனக்குக் கிடைப்பது விடிய ஐந்திலிருந்து ஏழு வரை. அந்த நேரத்தில்தான் இரண்டாம் மாடி நேசம் அன்ரி போனைத் தூக்கிக்கொண்டு வருவா. இங்கே விடியும்போது கனடாவில் மகன் வேலை முடிந்து வந்திருப்பான். வீடியோவில் அன்ரியின் முகம் மூலையில் தெரிகிறது, மகனின் இடத்தில் வெறும் கறுப்பு. "நீ நெட்வொர்க் படிக்கிறாய்தானே, பார்" என்று என் கொப்பிக்கு மேல் போனை வைப்பா.

ஒரு கிழமை முழுக்கப் பார்த்தேன். போனில் ஒரு பிழையும் இல்லை. கடைசியில் மகனுக்கே ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டேன். அவன் உடனே பதில் போட்டான்: தலைமயிர் முழுக்கக் கொட்டிவிட்டதாம், அம்மா கலியாணத் தரகருக்கு ஐந்து வருடத்துக்கு முந்தின படத்தைக் கொடுத்துத் திரிகிறாவாம், அதனால் கமெராவை மூடிவைத்திருக்கிறானாம், கடவுளாணை அம்மாவிடம் சொல்லவேண்டாமாம். நான் என்ன செய்ய? நெட்வொர்க் பிரச்சினை என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இல்லாத ஒரு பிழையை இருக்கிறது என்று சாதித்தேன். அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"ஒரு முகத்தை வடிவாக் காட்டத் தெரியேல்லை. நீ பிறகு என்ன சோதினை பிள்ளை எழுதுறாய்?"

அறுந்த நூல்

இரண்டாம் தடவை போகும்போது அம்மா என் கையில் கோயில் நூல் கட்டிவிட்டா. ஏழு முடிச்சு. பரீட்சை நிலையத்தில் உள்ளே போகமுன் மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னார்கள், தோட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள், சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்கள். நூலைக் கண்டதும் அங்கிருந்த பெண் அதையும் கழற்றச் சொன்னாள். அதில் விடை எழுதியிருக்கலாமாம். அம்மா போட்ட முடிச்சு அவிழுமா? அவள் மேசை லாச்சியிலிருந்து கத்தரிக்கோல் எடுத்து ஒரே வெட்டு. வெட்டிய நூலைப் பத்திரமாக ஒரு பொலித்தீன் பையில் போட்டு, என் பெயர் எழுதி, லொக்கரில் வைத்தாள். குறை சொல்ல முடியாது, ஒழுங்கான பிள்ளை.

நான் ஃபெயில். இந்த முறை மயிரிழையில். மூன்று மாதத்தில் இரண்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்து பொலித்தீன் பையை மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். இனி அந்தக் கதிரை கிடைக்காது, ஓய்வு பெறும்வரை பிரிண்டர்தான். அம்மா பையைப் பிரித்து நூலைக் கையில் எடுத்துப் பார்த்தா.

"மார்க் குறைஞ்சது உன்னால இல்லை. நூலின்ர பலன் வெட்டினவளிட்டப் போய்ச் சேந்திட்டுது. வீட்டில இருந்தும் எழுதலாம் எண்டு சொன்னாய்தானே, அடுத்த தரம் இங்க இருந்து எழுது. ஆர் வந்து வெட்டுறாங்கள் எண்டு நான் பாக்கிறன்."

ஆளை வெளியே அனுப்பவும்

வீட்டிலிருந்து எழுதுவதென்றால் சும்மா இல்லை. எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் கண்காணிப்பாளர் ஒருவர் கமெராவில் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பூட்டக்கூடிய கதவு வேண்டும், அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, சுவரில் எழுத்து ஒன்றும் இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் இரண்டு அறை. கடல் காற்றில் என் அறைப் பூட்டுத் துருப்பிடித்துப் போய்விட்டது. மிச்சம் அம்மாவின் அறை. அதில் பதினொரு சாமிப் படம். ஒவ்வொன்றின் அடியிலும் கோயில் பெயரோ புடவைக் கடைப் பெயரோ அச்சடித்திருக்கும்.

காலை ஏழு மணிக்கு லாப்டொப்பைத் தூக்கி நாலு சுவரையும் காட்டினேன். கண்காணிப்பாளர் திரையில் எழுதினார், படங்களை அகற்றவும் என்று. அம்மா கதவு நிலையில் நின்று, சாமிகளைக் கழற்றிவிட்டு எழுதுகிற சோதினை பாஸானால் என்ன ஃபெயிலானால் என்ன என்றா. கால் மணித்தியாலப் பேச்சுவார்த்தையில் ஒரு சமாதானம் வந்தது: கழற்றுவதில்லை, ஆனால் சுவரைப் பார்க்கத் திருப்புவது. பிள்ளையாரில் தொடங்கிப் பதினொரு பேரும் திரும்பினார்கள். பக்கத்தில் தொங்கிய அப்பாவின் படத்தில் கைவைக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டா. "சாமியள் பொறுப்பினம், உங்கட அப்பா பொறுக்கமாட்டார்." அதில் எழுத்து ஒன்றும் இல்லை, பூமாலையும் சின்ன பல்பும்தான், ஆகவே விட்டுவிட்டேன். அம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தினா.

உட்கார்ந்ததும் திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: அறையில் இரண்டாவது நபர் இருக்கிறார். இல்லை என்று எழுதினேன். உங்களுக்குப் பின்னால் ஒரு ஆண் நிற்கிறார் என்று வந்தது. திரும்பிப் பார்த்தேன். அது என் அப்பா என்று எழுதினேன். அவசரத்தில் எழுதிய பிறகுதான் அது எப்படி வாசிக்கப்படும் என்று விளங்கியது. அவர் காலமாகி நாலு வருடம் என்று விளக்கமும் எழுதினேன். பிறகு வந்தது:

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். பரீட்சை தொடங்குவதற்கு முன் அவரை அறையை விட்டு வெளியேறச் சொல்லவும்."

மூன்றாவது எச்சரிக்கை

அப்பா உயிரோடு இருந்தபோதே அவரை ஓர் இடத்திலிருந்து எழுப்ப ஒருவராலும் முடிந்ததில்லை. அன்று நான் கழற்றி எடுத்து, மாலையோடு கதவிடுக்கால் அம்மாவின் கையில் கொடுத்தேன். அம்மா கதவுக்கு வெளியே கதிரை போட்டு, அவரை மடியில் வைத்துக்கொண்டு காவலுக்கு இருந்துவிட்டா.

மூன்று எச்சரிக்கை வந்தால் பரீட்சை ரத்து என்பது விதி. பத்தாவது கேள்வியில் முதலாவது வந்தது: உதடு அசைகிறது. கேள்வியை வாய்க்குள் வாசிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். உதட்டைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். நாற்பதாவது கேள்வி: ஒரே பெட்டியில் ஒரு வயரின் இரண்டு முனையும் செருகினால் என்ன நடக்கும்? எனக்குச் சிரிப்பு வந்து முகத்தைக் கையால் பொத்தினேன். முகத்தை மறைக்கக்கூடாது என்று இரண்டாவது எச்சரிக்கை. இனி மூச்சு விடவும் பயம்.

கடைசி நாலு கேள்வி இருக்கையில் வெளியே நேசம் அன்ரியின் குரல் பிளட் அதிரக் கேட்டது. மகன் மனம் மாறிக் கமெராவைத் திறந்திருக்கவேண்டும். "ஐயோ, என்ர பிள்ளைக்கு ஒரு தலைமயிர் இல்லை!" பிறகு ஒரு கை வாயைப் பொத்திய சத்தம், அது அம்மாவின் கை. திரையில் எழுத்து வந்தது: யார் பேசுவது? கதவுக்கு வெளியே, கீழ் வீட்டு அன்ரி, மகனுக்கு மொட்டை விழுந்ததை இப்போதுதான் பார்த்தா என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். மூன்றாவது எச்சரிக்கைக்காகக் காத்திருந்தேன். அன்று முதல் தடவையாக அந்தக் கண்காணிப்பாளர் மனிதர் மாதிரிப் பதில் எழுதினார்.

"எனக்கும் அப்படித்தான். தொடருங்கள்."

மூன்று வருடம்

முடிவு உடனே திரையில் வந்தது. பாஸ். கதவைத் திறந்தேன். அம்மா மடியில் அப்பா, காலடியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நேசம் அன்ரி. சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் போய்ப் பிள்ளையாரைத் திருப்பு என்றா. பிறகு சேலைத் தலைப்பால் அப்பாவின் கண்ணாடியைத் துடைத்தா, துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தா.

குகன் சேர் கடதாசியை இரண்டு தரம் வாசித்துவிட்டு மேல் மாடிக்குக் கூட்டிப்போனார். கதிரை சும்மா சொல்லக்கூடாது, நன்றாகச் சுழலும். ரிஸ்வான் வந்து ஒரு தரம் சுழன்று பார்த்துவிட்டு, என் குறிப்புக் கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

அன்று பின்னேரம் சேர்ட்டிபிகேட்டை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடியில் பொடி எழுத்தில், இது மூன்று வருடத்துக்கு மட்டுமே செல்லும், பிறகு திரும்ப எழுதவேண்டும் என்று இருந்தது. அம்மா அப்பாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தா.

"அப்ப மூண்டு வருசத்துக்கு ஒருக்கா இந்த மனுசனை நான் வெளியில வச்சுக்கொண்டு இருக்கவேணுமோ?"

உள்ளே இருந்து எழுதியது நான், வெளியே இருந்து பார்த்துக்கொண்டது அப்பா, இதில் பாஸ் பண்ணியது யார் என்பதுதான் எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.