பாவுக்குப் பின்னால் நின்ற கார்

மாசி மாதம் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. அதனால்தான் என் கார் விட்ட புகை கலையாமல் புகைப் பரிசோதனை நிலையத்தின் தகரக் கூரைக்கடியில் அப்படியே நின்றது. அளவு அறுபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எண்பத்திரண்டு காட்டியது.

"டீசல் வண்டியா, செங்கல் சூளையா சார் இது?" என்றார் பரிசோதிப்பவர். நான் சிரிக்கவில்லை.

காருக்கு அந்த மாதத்தோடு பதினைந்து வருடம் முடிகிறது. பதிவைப் புதுப்பிக்க வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலக இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். புகைச் சான்று இல்லாமல் அங்கே போக முடியாது. பதிவு போனால் வண்டி வீட்டு வாசலில் நிற்கும் இரும்பு. என் மனைவிக்குச் செவ்வாயும் வெள்ளியும் வேலூரில் டயாலிசிஸ். திரும்பும்போது அவளால் பேருந்துப் படியில் கால் வைக்க முடியாது. வாடகைக் காருக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டாயிரத்து இருநூறு. நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் சங்கிலி பிடித்து வாங்கும் பென்ஷன் அதற்குத் தாங்காது.

தேவிகாபுரம் சாலையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். நாற்பது வயதிருக்கும். எதையும் பார்ப்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறவர்.

"ஏர் ஃபில்டர் சார். மாத்துனா ஜம்முனு இருக்கும்."

மாற்றினார். புகை குறையவில்லை.

"அப்ப இன்ஜெக்டர் சார். கண்ண மூடிகினு சொல்லுவேன்."

"கண்ணைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன்.

"சார், உங்களோட பேஜாரா பூச்சு" என்று சொல்லிக்கொண்டே நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றினார். வண்டி அன்றிரவு அங்கேயே தங்கியது. செவ்வாய்க்கிழமை வாடகைக் காரில் வேலூர் போய் வந்தோம். மாலையில் பட்டறைக்குப் போனால், சுத்தம் செய்து மாட்டிய இன்ஜெக்டர்களோடு கார் அதே கறுப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்திய மெக்கானிக் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை அவர் புது யோசனை ஒன்று சொன்னார். என்ஜின் விட்ட புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள்ளேயே அனுப்பும் வால்வு ஒன்று இருக்கிறதாம். இ.ஜி.ஆர். என்று பெயர். அந்த வழியை ஒரு தகட்டை வைத்து அடைத்துவிடலாம் என்றார். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாம்.

"தப்பில்லையா?"

"படவேடு மலைப்பக்கம் போற வண்டி பாதி இப்படித்தான் சார் ஓடினு இருக்குது."

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுநாள் வியாழன். அடைத்தார். பரிசோதனை நிலையத்தில் நாற்பத்தாறு காட்டியது. மூச்சு விட்டேன். பரிசோதிப்பவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தார்.

"என்ஜின் லைட்டு எரியுதே. எங்கயாவது அடைச்சிகினு வந்தீங்களா?"

நான் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

"சரி பண்ணிகினு வாங்க சார். இப்படியே நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னாடி போனீங்கன்னா, எனக்கும் சேர்த்துத் திட்டு உழும்."

திரும்பும் வழியெல்லாம் ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தேன். அடைத்ததும் புகை பாதியாகிறது. அப்படியானால் அடைத்த இடத்தில்தானே கோளாறு? பட்டறையில் இறங்கியதும் அதைச் சொன்னேன்.

"அதத்தான் சார் நானும் நெனச்சிகினு இருந்தேன்" என்றார் மெக்கானிக். அவர் அப்படி நினைத்ததற்கு எந்த அடையாளமும் தெரியவில்லை.

வால்வைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளே தார் ஊற்றியது போல் கரி. மூடவேண்டிய தட்டு பாதி திறந்தபடி இறுகியிருந்தது. வேண்டாத நேரத்திலும் புகை உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. நல்ல காற்றுக்கு இடமில்லாமல் டீசல் அரைகுறையாக எரிந்திருக்கிறது.

"டவுனுக்குள்ளயே ஊர்ந்துகினு இருக்கற வண்டிக்குத்தான் இவ்ளோ கரி சேரும். நீங்க எங்க சார் ஓட்றீங்க?"

"வேலூருக்கு. நெடுஞ்சாலையில். வாரம் இரண்டு முறை."

"அப்ப இப்படி ஆவக் கூடாதே" என்று முதல்முறையாகக் குழம்பினார். வால்வைக் கரி கரைக்கும் மருந்தில் ஊறப்போட்டு, சாயங்காலம் வரச் சொன்னார்.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் அளந்து வைத்த தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஊர்ந்தாத்தான் கரி புடிக்குமா? நின்னாப் புடிக்காதா?" என்றாள்.

"எங்கே நிற்கிறோம்?"

"பாவுக்குப் பின்னாடி."

எங்கள் தெருவின் ஒரு முனை சுவர். மறு முனையில் விடியற்காலையில் தறிக்குப் பாவு போடுவார்கள். வெயிலும் காற்றும் ஏறுவதற்குள் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, சுருட்ட வேண்டும். அதுவரை யாரும் குறுக்கே போகமாட்டோம், கேட்கவும் மாட்டோம். நான் காரோடு வந்து நின்றதும் நெசவாளர் நிமிர்ந்து, "அஞ்சு நிமிஷம் சார், ஜல்தியா முடிச்சிர்றேன்" என்பார். ஐந்து நிமிடத்துக்கு எதற்கு அணைப்பது என்று என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். அது இருபத்தைந்து நிமிடமாகும். மறுவாரமும் ஐந்து என்பார். நானும் நம்புவேன். மூன்று வருடமாக.

"உனக்கு ஏ.சி. வேண்டுமே என்றுதான்" என்றேன்.

"நான் எப்பக் கேட்டேன்? எனக்குக் குளுருது, போத்திகினு ஒக்காந்துகினு இருக்கறேன். அணைச்சா திரும்பக் கிளம்பாதுன்னு உங்களுக்குத்தான் பயம்."

நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் மெக்கானிக் வால்வை மாட்டித் தகட்டை எடுத்தார். விளக்கு அணைந்தது. பரிசோதனையில் ஐம்பத்தொன்று. சான்று கைக்கு வந்தது. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கையெழுத்துப் போட்டார். நான்கு நாள் அலைச்சல், அங்கே நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து செருப்போடு கட்டிலில் படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தெருமுனையில் பாவு நீண்டிருந்தது. நெசவாளர் நிமிர்ந்தார்.

"அஞ்சு நிமிஷம் சார்."

சாவியைத் திருப்பி அணைத்தேன். அவர் திகைத்துப்போய், "இன்னா சார், வண்டி ரிப்பேரா? தள்ளணுமா?" என்றார். மனைவி போர்வைக்குள் சிரித்தாள். இருபத்தேழு நிமிடம் காத்திருந்தோம். சாவியைத் திருப்பினேன். முதல் தடவை உறுமி அடங்கியது. இரண்டாம் தடவை கிளம்பிவிட்டது.

மூன்று பரிசோதனை, ஃபில்டர், வேண்டாத இன்ஜெக்டர் வேலை, வேண்டாத தகடு, வேண்டிய வால்வு வேலை, ஒரு வாடகைக் கார், எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து எண்ணூற்று எண்பது ரூபாய்.