அண்ணன் கேட்ட ஒரு நாள்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். எத்தனையோ குடும்பங்களின் நினைவு மலர்களை மடித்துத் தைத்திருக்கிறேன். அவற்றில் வரும் எல்லாரும் புன்னகை மாறாதவர்கள், யாரிடமும் கடிந்து பேசாதவர்கள். எங்கள் அண்ணன் அப்படி இல்லை. முன்கோபக்காரர். அவரைப் பற்றி எழுதும்போது எனக்கும் கொஞ்சம் கோபம் வரும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது மல்லாங்கிணற்றில். மழை பொய்த்து நிலம் கைவிட்டதும் அப்பா சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போனார். அங்கே மருந்து கலக்கும் அறையில் நடந்த வெடிவிபத்தில் இறந்துபோனார். அண்ணன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். நான் சின்னப்பிள்ளை, எனக்கு எதுவும் நினைவில்லை. அண்ணன் சொல்லித்தான் தெரியும். விபத்துச் செய்தி கேட்டதும் அக்கம்பக்கத்து ஆலைகளில் வேலை செய்தவர்கள் எல்லாரும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்களாம். அப்பாவை அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு யாரென்றே தெரியாது. தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். ஆனாலும் அன்றைக்கு ஒருவரும் திரும்ப உள்ளே போகவில்லை.

படிப்பை விட்டுவிட்டு அண்ணன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தார். காலண்டர் படங்களை ஃபிலிமில் எடுக்கும் பெரிய கேமரா இருந்த அறையில் வேலை. வெளிச்சம் என்றால் என்ன என்று அந்த இருட்டறையில்தான் கற்றுக்கொண்டேன் என்பார். பிறகு சென்னைக்குப் போய், பல வருடம் உதவியாளராக இருந்து, சினிமாவில் ஒளிப்பதிவாளர் ஆனார்.

ஒரு படப்பிடிப்பில் கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டை மாடியில் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். லென்ஸிலிருந்து நடிகர் நிற்கும் இடம்வரை டேப் பிடித்து அளந்து சொல்வது ஓர் உதவியாளரின் வேலை. அந்தப் பையன் டேப்பைப் பிடித்தபடியே பின்னால் நடந்து போய், மாடியிலிருந்து விழுந்துவிட்டான். வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில், வழியிலேயே உயிர் போய்விட்டது என்று செய்தி வந்தது. டைரக்டர் அண்ணனைப் பார்த்து, “வெயில் இறங்குது, மிச்ச ஷாட்டை எடுத்துரலாம்” என்றார். அண்ணன் எடுத்தார்.

இதை அண்ணன் யாரிடமும் மறைத்ததில்லை. “அந்த ஷாட்டை எடுத்தது நாந்தான்” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்று மாலை அந்தப் பையனின் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றபோது யூனிட்டில் யாருக்கும் அவனுடைய முழுப்பெயரோ ஊரோ தெரியவில்லை. பட்டப்பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது. அண்ணனுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் அண்ணனும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஒளிப்பதிவாளர்களுக்கும் உதவியாளர்களுக்குமாகச் சங்கம் தொடங்கினார்கள். ஒரு டப்பிங் தியேட்டரின் மாடிப்படிதான் முதல் கூட்டம் நடந்த இடம். முதல் வேலையாக, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் முழுப்பெயரும் சொந்த ஊரும் எழுதிய அட்டை கொடுத்தார்கள். அடுத்து அண்ணன் கேட்டது ஒரே ஒரு விதி. உறுப்பினர் யார் இறந்தாலும், பெரிய ஒளிப்பதிவாளராக இருந்தாலும் நேற்று வந்த உதவியாளராக இருந்தாலும், அன்றைக்கு ஒரு நாள் சங்கத்தார் யாரும் கேமராவை ஓட விடக் கூடாது. சண்டை போட்டுத்தான் அந்த விதியை வாங்கினார்கள். பல வருடம் அது நடந்தது. தயாரிப்பாளர்கள் திட்டினார்கள், ஆனாலும் நிறுத்தினார்கள்.

பிறகு அது தேய்ந்தது. ஒரு நாள் என்பது அரை நாள் ஆனது. அரை நாள், சென்னையில் நடக்கும் படப்பிடிப்புக்கு மட்டும் என்று ஆனது. வாடகைக் கேமரா, நடிகர்களின் தேதி, வெளி மாநிலத்து ஆட்கள் போட்டிக்கு வருவது என்று காரணங்கள் சொன்னார்கள். எல்லாம் பொய்க் காரணங்கள் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தியதால் வேலை போனவர்களும் இருந்தார்கள். கடைசியில் பொதுக்குழுவில் விதியையே எடுத்துவிட்டு, ஆண்டுக் கூட்டத்தில் ஒரு நிமிட மௌனம் என்று மாற்றினார்கள். அண்ணன் எழுந்து கத்தியிருக்கிறார். “உக்காருங்க சார்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னாராம். அத்தோடு பொறுப்பிலிருந்து விலகி, அவர் மனைவியான எங்கள் மதினியின் ஊர் ஆமத்தூருக்கு வந்துவிட்டார்.

பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் மதினி அவரைப் பிள்ளையாகவே பார்த்துக்கொண்டார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு, வாரந்தவறாமல் விருதுநகருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனதும் மதினிதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அண்ணன் மேலே எரியும் டியூப்லைட்டைக் காட்டி, “இந்த வெளிச்சத்துல யாரைப் பாத்தாலும் செத்த மாதிரித்தான் தெரியும். டாக்டர் எப்படி உசுரோட இருக்கிற ஆளைக் கண்டுபிடிக்கிறாரோ” என்பார். நர்ஸுகள் சிரிப்பார்கள்.

ஒருநாள் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அண்ணே, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா சங்கத்துக்குச் சொல்லணுமா?”

“சொல்லு. எனக்காவது நிப்பாட்டுறாங்களான்னு பாப்போம்” என்றார்.

விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் விரும்பியது அது ஒன்றைத்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

அண்ணன் காலையில் இறந்தார். நான் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தேன். “ரொம்ப வருத்தமா இருக்கும்மா. சங்கத்து வாட்ஸப் குரூப்ல உடனே போட்டுடுறோம். மாலை அனுப்பி வைக்கிறோம்” என்றார். இன்று ஒரு நாள் படப்பிடிப்பை நிறுத்துவீர்களா என்று கேட்டேன். “அது இப்ப நடைமுறையில இல்லம்மா” என்றார். மரியாதையாகத்தான் பேசினார். நான் போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கென்று அண்ணன் வீட்டுத் தெருவுக்குப் பின்தெருவில் ஒரு படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. சாவு வீட்டு வேலையில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. பிற்பகலில் பாடையைத் தோளுக்குத் தூக்கியாயிற்று. கொட்டு உச்சத்தில் இருந்தது. அப்போது புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவர் ஓடிவந்தார்.

“மன்னிக்கணும்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. லைவ் சவுண்ட் எடுத்துக்கிட்டிருக்கோம். ஒரே ஒரு ஷாட். கொட்டை மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க.” அழுதுகொண்டிருந்த பெண்களையும் ஒருமுறை பார்த்தார். அழுகையையும் நிறுத்தச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “பாடையில கிடக்கிறது யாருன்னு தெரியுமா...” என்று ஆரம்பித்தேன். மதினி என் கையைப் பிடித்தார்.

“விடு தாயி. இவுகளும் ஒருநா அப்படி எடுத்தவுகதான” என்றார், பாடையைப் பார்த்தபடி. பிறகு கொட்டுக்காரர்களைப் பார்த்து, “கொஞ்சம் நிப்பாட்டுங்கய்யா” என்றார். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். மற்ற பெண்களும் அடங்கினார்கள்.

தூக்கிய பாடையைத் திரும்ப இறக்கக் கூடாது என்பதால் நான்கு பேரும் தோளில் வைத்தபடியே நின்றார்கள். தெருவே மூச்சுவிடாமல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் “ஆக்‌ஷன்” என்ற குரல் கேட்டது. ஒரு பெண் ஏதோ வசனம் பேசினாள். “கட்” என்றார்கள். கொட்டுக்காரர் குச்சியை ஓங்கினார்.

“ஒன்மோர்” என்று குரல் வந்தது.

மறுபடியும் நின்றோம்.

சாயங்காலம், குளித்துவிட்டு எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது நடுவயதுக்காரர் ஒருவர் வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டுக் கைகூப்பினார். பின்தெருப் படப்பிடிப்பின் ஒளிப்பதிவாளர் என்றும், அண்ணன் தொடங்கிய சங்கத்தில்தான் தானும் உறுப்பினர் என்றும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது உண்மை.

“குரூப்ல வந்ததை ஷூட்டிங் பேக்கப் ஆனப்புறம்தான் பார்த்தேன். சாருன்னு தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேமராவை ஆஃப் பண்ணிட்டு நானும் வந்து தோள் கொடுத்திருப்பேன்.”

“யாருன்னு தெரிஞ்சாத்தான் நிப்பாட்டுவீகளோ?” என்று கேட்டேன்.

மதினி உள்ளே போய் அவருக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பின்தெருவில் மறுபடியும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது.

அண்ணனைக் கடைசிவரை முகம் கோணாமல் கவனித்த டயாலிசிஸ் பிரிவு நர்ஸுகளுக்கும், கூப்பிட்ட நேரத்தில் கார் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், கொள்ளி வைத்த என் மகனுக்கும், எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அடிக்க வந்த இடத்தில் அடிக்காமல் நின்ற கொட்டுக்காரர்களுக்கும், பாரத்தோடு நின்ற அந்த நான்கு பேருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மதினிக்கு நன்றி சொன்னால் அவர் என்னைத் திட்டுவார்.

இம்மலரின் பிரதிகளைச் சங்கத்துக்கும் அனுப்பியிருக்கிறோம். அங்கே இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அண்ணனுக்கு அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை, அது முடிந்துபோனது. அவருக்காக இனி எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் உங்களில் ஒருவன் நாளை எங்கேயாவது விழுந்து செத்தால், அவன் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது என்றால், அவனுக்காக அன்றைக்கு ஒரு நாள் கேமராவை நிறுத்துங்கள்.