ஜெபராஜ் சார் வீட்டில் கரண்ட் போனது

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, நான் ஜெபராஜ் சாரைச் செஸ்ஸில் ஜெயித்தேன். இதைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வேறு இடம் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஜெபராஜ் சார் கூடுவாஞ்சேரிக்காரர். கணக்கு வாத்தியார். காலேஜ் நாளில் மாவட்ட அளவில் கப் வாங்கியவர். தினமும் காலை எலெக்ட்ரிக் ட்ரெயினில் முதலில் ஏறி, கர்ச்சீப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பார். நான் அடுத்து ஊரப்பாக்கத்தில் ஏறுவேன். நல்ல மனுஷன்... அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரண்டு வீட்டுக்கும் பிராட்பேண்ட் வந்ததிலிருந்து ஞாயிறுதோறும் நெட்டில் ஆட்டம். ஆளுக்கு மூன்றே நிமிடம். மூன்று வருஷத்தில் நான் ஒன்றுகூட ஜெயித்ததில்லை. டிரா? அதுவும் இல்லை. திங்கட்கிழமை ட்ரெயினில் போஸ்ட்மார்ட்டம் வேறு நடக்கும்.

"உங்க குதிரை எதுக்கு சார் கோவிச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி மூலையிலயே நிக்குது?"

பெட்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வயிறு எரியும். அந்தப் பெட்டியில், அத்தனை பேர் முன்னால், ஒரே ஒரு தடவை அவர் வாயால் "நீங்க ஜெயிச்சுட்டீங்க சார்" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பேராசையா சொல்லுங்கள்?

அந்த ஞாயிறு அவர் அவசரத்தில் ஒரு சிப்பாயை நகர்த்தினார். என் குதிரை ஒரே தாவலில் ராஜாவுக்கு செக் வைத்தது. ராணியும் அதன் வாயில்! ராஜாவைக் காப்பாற்றினார், ராணி போனது. அவருக்கு இன்னும் ஐம்பது விநாடி இருந்தது. அடுத்த நொடி... ஆளைக் காணோம். 'எதிராளி வெளியேறிவிட்டார். காத்திருக்கிறீர்களா, வெற்றியை எடுத்துக்கொள்கிறீர்களா?' என்று திரை ஆங்கிலத்தில் கேட்டது.

ஐயோ பாவம், பவர் கட் என்று நினைத்தேன். இது என்ன புதுசா? நான் வெற்றியை எடுத்துக்கொள்ளவில்லை. காத்திருந்தேன். அவருடைய நேரம் ஓடி முடிந்து, கம்ப்யூட்டரே என்னை ஜெயித்தவன் என்று அறிவித்தது. மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். விட்ட இடத்திலிருந்து ஆடலாம் என்று சொல்லத்தான்.

அவர் மனைவி எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"இருங்கண்ணா, மிக்ஸி ஓடுது, ஒண்ணும் கேக்கல! என்னங்க... உங்களுக்குத்தான் போன்!"

ஜெபராஜ் சார் வந்தார். "கரண்ட் போயிடுச்சு சார். சுத்தமா போச்சு."

மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. இன்வெர்ட்டராக இருக்குமோ? இன்வெர்ட்டரில் மிக்ஸி ஓடினால் கம்ப்யூட்டரும் ஓடியிருக்குமே!

"பரவால்ல சார்" என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை அவரே ஆரம்பித்தார். "நேத்து சாரை நல்லா லாக் பண்ணி வெச்சிருந்தேன். பாழாப்போன கரண்ட்! ஓசியில ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டார்."

பல்லாவரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் முனுசாமி என் முதுகில் தட்டினார். "இன்னா சார் நீ, கரண்ட் பூட்ட நேரத்துல கெலிச்சுக்கினியே!"

ஜெபராஜ் சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். வாயைத் திறந்தால் அந்த சீட்டும் போய்விடும், பேச்சுத்துணையும் போய்விடும். பயம், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல் தோற்றேன். "நல்லா இம்ப்ரூவ் ஆயிட்டீங்க சார்" என்று தோளில் கைபோட்டுப் பாராட்டினார். நம்மைவிடப் பெரிய ஆட்கள் இப்படித்தான்... நாம் தோற்கிற வரை தாராளமாகப் பாராட்டுவார்கள்.

இப்போது முகம் தெரியாத ஆட்களோடுதான் ஆடுகிறேன். நேற்று, என்னைவிட நன்றாக ஆடும் எந்த நாட்டுக்காரனோ ஒருவன், கடைசி இரண்டு விநாடியில் என்னிடம் தோற்றுவிட்டு, புரியாத பாஷையில் வரிவரியாகத் திட்டி டைப் அடித்தான்.

தோற்றதை ஒப்புக்கொண்டுதானே திட்டுகிறான்... எவ்வளவு மரியாதையான மனுஷன்!