கொழும்பை விட்ட பயணம்

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மா, வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, "நான் கப்பல்ல போலாமா டாக்டர்?" என்பதுதான்.

அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர், மூன்று தேசங்களில் இருந்தார்கள். பெரிய மாமா கொழும்பில், சித்தி பினாங்கில், சின்ன மாமா சிங்கப்பூரில். யுத்தத்துக்கு முன்னால் பார்த்ததோடு சரி.

"போறதுன்னா தள்ளிப் போடாதீங்க. இப்ப உடம்பு தாங்கும். அடுத்த வருஷம் எப்படியோ" என்றார் டாக்டர். அந்த 'எப்படியோ' என்னை அதன்பின் தூங்க விடவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஜோகுபாளையத்தில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம், அப்பா காலமாகிவிட்டார். அல்சூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தசரா விடுமுறையோடு சேர்த்து லீவு கேட்டபோது தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சேர்த்து ஒரு மாசம் தரேன், மிஸ். அதுக்கு மேல தாமதமானா கமிட்டி வேற ஆளைப் போட்டுடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பள்ளி அட்லஸை வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தேன். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்னையிலிருந்து ஒரே கப்பல். கொழும்போ வேறு திசை. ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கடல் தாண்ட வேண்டும். கொழும்பை முதலில் வைத்தால் கப்பல் தவறியது. கடைசியில் வைத்தால் பள்ளி தவறியது. எப்படித் திருப்பிப் போட்டாலும் நாட்கள் துண்டு விழுந்தன. அம்மாவோ அதற்குள் மூன்று வீட்டுக்கும் முறுக்கு சுற்ற மாவு அரைத்துவிட்டாள்.

பிரிகேட் ரோடில், கப்பல் டிக்கெட் ஏற்பாடு செய்யும் ஆபீஸுக்கு அவளையும் கூட்டிப் போனேன். அங்கிருந்த கன்னடக்காரர் நாட்களை நிதானமாகப் பார்த்தார். கப்பல் பினாங்கில் காலையில் நின்று மாலையில் கிளம்பிவிடும், சித்தியோடு ஒரு பகல்தான் கிடைக்கும் என்றார். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில், "கொலம்போ பிட்பிடி அம்மா" என்றார். கொழும்பை விட்டுவிடுங்கள் என்கிறார்.

"அவரு நன்ன அண்ணா" என்றாள் அம்மா, அவர் பாஷையிலேயே. அவர் என் அண்ணன் என்று.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "மூணு பேர்ல யாரு வேணாம்னு நீயே முடிவு பண்ணு. என் வாயால வராது."

"பெரிய மாமாவை இப்ப விட்டுடலாம்மா. மே லீவுல அவர் வீட்டுக்கு மட்டும் தனியா போலாம்."

"மே மாசம்" என்றாள்.

மாமாவுக்கு விவரமாக எழுதினேன். பதில் வரவில்லை. பயணத்துக்காகப் போட்ட ஊசியில் அம்மாவுக்குக் கை வீங்கிக் காய்ச்சல் கண்டது. அது ஊசிக் காய்ச்சலா, நெஞ்சுதான் மறுபடி தொந்தரவு கொடுக்கிறதா என்று தெரியாமல், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். காய்ச்சல் இறங்கியது, கிளம்பினோம். கப்பலில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணயர்ந்தால் மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பேன். "உசுரோடதான் இருக்கேன், கையை எடு" என்பாள், கண்ணைத் திறக்காமலே.

பினாங்கில் சித்தி துறைமுகத்திலேயே நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அம்மா அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வழக்கம்போலக் கப்பல் கிளம்பும் நேரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சித்தியின் காலருகே ஒரு தோல் பெட்டி இருப்பதைக் கவனித்தேன்.

"ஊருக்கா சித்தி?"

"உங்களோடதான். சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்துட்டேன். ஒரு பகல் பாத்துட்டு அக்காவை ஏத்தி விட்டுட்டு நான் வீட்ல போய் என்ன பண்றது?"

எனக்கு இது தோன்றவே இல்லை. நாங்கள் யாரிடம் போவது என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்களும் வரலாம் என்று நினைக்கவில்லை. சிங்கப்பூரில் சின்ன மாமா வீட்டில் உடன்பிறந்த மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சிரித்த சத்தத்துக்கு அண்டை வீட்டுச் சீனக் கிழவி எட்டிப் பார்த்தாள். அம்மா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது வங்கக் கடலில் காற்றும் மழையும். கப்பல் தாமதமாகத்தான் சென்னையைத் தொட்டது. அங்கிருந்து ரயிலில் வந்து, எங்கள் ஊர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, அம்மாவை ஜட்காவில் ஏற்றிவிட்டு, நேராகப் பள்ளிக்கு ஓடினேன். முந்தின நாளே நான் வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். தலைமையாசிரியை என் கசங்கிய புடவையை மேலும் கீழும் பார்த்தார்.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க, மேடம்."

"வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு மத்தியானம் வாங்க. நேத்து உங்களுக்குக் காய்ச்சல்னு கமிட்டியில சொல்லியிருக்கேன்."

மே மாதம் நாங்கள் கொழும்புக்குப் போகவில்லை, விசா கிடைக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் பெரிய மாமாவே சொல்லாமல் கொள்ளாமல் ஜோகுபாளையத்துக்கு வந்து இறங்கினார். அம்மாவோடு மட்டும்தான் பேச்சு; தன்னை விட்டுவிட்டுப் போன கோபத்தில் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் பயந்து சமையலறையிலேயே இருந்தேன். பிறகு ஒரு காலை, வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, காபியில் சர்க்கரை பத்தவில்லை என்றார்.